புதன் வக்கிரத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு தாய். மகளுக்குப் புதிய வேலை கிடைத்து, நியமனக் கடிதமும் வந்துவிட்டது. கையெழுத்திட்டு அனுப்புவதுதான் பாக்கி. ஆனால் மகள், "இப்போது மெர்க்குரி ரெட்ரோகிரேட் நடக்கிறது, இந்த மூன்று கிழமையும் எந்த ஒப்பந்தத்திலும் கைவைக்கக் கூடாது" என்கிறாள். புதன் வக்கிரத்தைத்தான், அதாவது புதன் பின்னோக்கிப் போவது போலத் தெரிவதைத்தான், அவள் அப்படிச் சொல்கிறாள். தாய் பிள்ளையின் குறிப்பை எடுத்துக்கொண்டு குடும்பச் சாத்திரியாரிடம் போயிருக்கிறார். அவரோ, "பிள்ளை பிறக்கும்போதே புதன் வக்கிரம். வக்கிரம் பெற்ற கிரகத்துக்குப் பலம் கூட. இதில் பயப்பட என்ன இருக்கிறது?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரே வக்கிரம் ஒருவருக்குப் பயம், இன்னொருவருக்குப் பலம். யார் சொல்வது சரி, மேற்கத்திய சோதிடத்தில் இதற்கு உண்மையில் என்ன பொருள் என்பது தாயின் கேள்வி.

நான் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். சாத்திரம் என் தொழில் அல்ல. எண்பதுகளில் மருதானை நடைபாதைப் புத்தகக் கடையொன்றில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கில எபெமரிஸ் கண்ணில் பட்டது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கிரகமும் எந்த இராசியில் எத்தனையாம் பாகையில் நிற்கிறது என்று பட்டியலிடும் புத்தகம் அது. பக்கம் முழுக்க எண்களாக இருந்ததால் வாங்கினேன், வேறு காரணம் இல்லை. சில நாட்களுக்கு நேரே 'ஆர்' என்று ஓர் எழுத்து, ரெட்ரோகிரேட் என்பதன் முதலெழுத்து, அச்சிடப்பட்டிருந்தது. அந்த எழுத்து வந்ததும் பாகை எண்கள் கூடுவதை விட்டுக் குறையத் தொடங்கின. அது ஏன் என்று தேடப்போனவன் இன்றுவரை அந்தத் தேடலை விடவில்லை.

மகளும் சாத்திரியாரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு விஷயங்களைப் பேசுகிறார்கள். மகள் சொல்வது இன்று வானத்தில் புதன் நகரும் விதத்தைப் பற்றி, அதாவது கோசாரம். சாத்திரியார் சொல்வது அவள் பிறந்த நேரத்துப் புதனைப் பற்றி. அது ஒரு குழப்பம். மகள் நிற்பது மேற்கத்திய முறையில், சாத்திரியார் நிற்பது எங்கள் முறையில். வக்கிரத்துக்கு இந்த இரண்டு முறைகளும் ஏறக்குறைய எதிரெதிரான பொருள் சொல்கின்றன. இது இரண்டாவது குழப்பம். இரண்டையும் பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

பொருளுக்குப் போகுமுன் வானத்தைப் பார்த்துவிட வேண்டும். எந்தக் கிரகமும் பின்னால் போவதில்லை. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸும் 101ஆம் இலக்க பஸ்ஸும் போட்டிபோட்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் இருக்கும் பஸ் மற்றதை முந்தும் அந்தச் சில விநாடிகள், தூரத்துக் கட்டடங்களைப் பின்னணியாக வைத்து அந்த பஸ்ஸையே பாருங்கள். அது பின்னுக்குச் சறுக்குவது போலத் தெரியும். அதன் சாரதி வேக மிதியை அழுத்திக்கொண்டுதான் இருப்பார். பூமி செவ்வாயையோ வியாழனையோ சனியையோ முந்தும்போது நடப்பது இதுதான். கட்டடங்களின் இடத்தில் நட்சத்திரங்கள் நிற்கின்றன.

புதனும் வெள்ளியும் நமக்கு உள்வட்டத்தில் ஓடுபவை. அங்கே முந்துவது அவை. அதற்கு பஸ் உதாரணம் அவ்வளவு பொருந்தாது. பாடசாலை விளையாட்டுப் போட்டியில் மைதானத்தைச் சுற்றி ஓடுபவனை நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஓடும்போது உங்கள் கண்ணுக்கு வலமிருந்து இடமாகப் போவான். நீங்கள் நிற்கும் பக்கத்துக்கு வந்ததும் இடமிருந்து வலமாகப் போவான். அவன் ஒரு கணமும் திரும்பி ஓடவில்லை. புதன் சூரியனுக்கு அப்பால் இருக்கும்போது நேர்கதி, நமக்கும் சூரியனுக்கும் இடையே புகுந்து கடக்கும்போது வக்கிரம்.

சூரியனும் சந்திரனும் ஒருபோதும் வக்கிரிப்பதில்லை. இராகுவும் கேதுவும், சராசரிக் கணக்கில், எப்போதும் பின்னோக்கியே போகும். புதன் ஏறக்குறைய 116 நாளுக்கு ஒரு தடவை வக்கிரித்து மூன்று கிழமையளவில் நேராகும். ஆகவே ஆண்டுக்கு மூன்று தடவை, சில ஆண்டுகளில் நான்காவதும் தலைகாட்டும். வெள்ளி 19 மாதத்துக்கு ஒரு தடவை சுமார் ஆறு கிழமை. செவ்வாய் 26 மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு முதல் இரண்டரை மாதம். வியாழன் ஆண்டுதோறும் நான்கு மாதம், சனி நான்கரை மாதம். யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ மூன்றும் ஆண்டில் ஐந்து மாதமளவில் வக்கிரத்திலேயே கிடக்கும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். அரிதாக வக்கிரிக்கும் வெள்ளியையும் செவ்வாயையும் பற்றி அதிகம் பேச்சில்லை. பயமெல்லாம் ஆண்டுக்கு மூன்று தடவை வந்து போகும் புதன் மேல்தான். பயத்துக்கும் வழக்கமாக வந்துபோகும் ஒரு விருந்தாளி தேவைப்படுகிறது போலும்.

2025 பெப்ரவரியில் மாலை நேரத்தில் காலிமுகத்திடலுக்குப் போனவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். சூரியன் கடலில் இறங்கியதும் மேற்கே வெள்ளி விளக்குப் போல எரிந்தது. இஸ்ஸோ வடை விற்பவர்கூட அண்ணாந்து பார்த்த பிரகாசம். மார்ச் 2ஆம் திகதி காலை அது வக்கிரமானது. அதன் பின் ஒவ்வொரு மாலையும் கடலை நோக்கி மளமளவென்று இறங்கி, மார்ச் இரண்டாம் பாதியில் சூரிய வெளிச்சத்துக்குள் காணாமல் போய், பிறகு விடிவெள்ளியாகக் கிழக்கில் எழுந்தது. பண்டைக்காலத்து மக்கள் வக்கிரத்தை அறிந்தது இப்படித்தான். நின்றது, திரும்பியது, மறைந்தது, மறுபக்கம் வந்தது. அதற்குள் ஒரு கதை இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

எங்கள் மரபும் மேற்கத்திய மரபும் இந்த ஒரே காட்சியிலிருந்து வேறு வேறு முடிவுக்கு வந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. செவ்வாய், வியாழன், சனி ஆகியவை வக்கிரிக்கும்போது பூமிக்கு மிக அருகே இருக்கின்றன. ஆகவே அப்போதுதான் அவை மிகப் பெரிதாக, மிகப் பிரகாசமாகத் தெரியும். ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் சேஷ்டா பலம், அதாவது கிரகத்தின் இயக்கத்தால் வரும் பலம், சொல்லும்போது வக்கிரத்தையும் விரிந்த கதிர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். ஒளி கூடினால் பலம் கூடும் என்பது எங்கள் தர்க்கம். புதனுக்கும் வெள்ளிக்கும் இது முழுமையாகப் பொருந்தாது. அவை வக்கிரத்தின் நடுவில் சூரியனுக்குள் மறைந்துபோகின்றன. இருந்தாலும் விதி எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. உச்சத்தில் வக்கிரித்தால் நீச பலன், நீசத்தில் வக்கிரித்தால் உச்ச பலன் என்று பிற்காலத்தில் வந்த விதியையும் சாத்திரிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

மேற்கே போனால் அவர்கள் ஒளியை விட்டு ஒழுங்கைப் பார்த்தார்கள். இராசிச் சக்கரத்தில் எல்லாம் மேடத்திலிருந்து இடபம், இடபத்திலிருந்து மிதுனம் என்று போக வேண்டும். ஒன்று மட்டும் எதிர்த்திசையில் போனால் அது வழி தவறியது, களைத்தது, சொன்ன வேலையைச் செய்யாதது. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய வெட்டியஸ் வேலன்ஸ், வக்கிர கிரகங்கள் எதிர்பார்ப்புகளையும் காரியங்களையும் இலாபங்களையும் தாமதப்படுத்தும் என்று வைக்கிறார். கவனியுங்கள், தாமதம்தான், நாசம் அல்ல. அதே நூற்றாண்டின் தொலமியின் கணக்கு இன்னும் விநோதம். கிரகம் முதல் முறை நிற்கும் வரை ஈரத்தையும், அங்கிருந்து மாலையில் உதிக்கும் வரை சூட்டையும், இரண்டாம் முறை நிற்கும் வரை வறட்சியையும், பிறகு குளிரையும் தரும் என்கிறார். வைத்தியர் நாடி பார்ப்பது போன்ற பார்வை அது. தொலைபேசி பழுதாகும் என்ற பேச்சு எங்கும் இல்லை, தொலைபேசியும் இல்லைதான்.

1543இல் கோப்பர்னிக்கஸ், பூமியே சூரியனைச் சுற்றுகிறது, வக்கிரம் நாம் ஓடுவதால் வரும் தோற்றம் என்று எழுதினார். சோதிடம் அதோடு இந்த விஷயத்தைக் கைவிட்டிருக்கும் என்று நினைப்பீர்கள். சரியாக 104 ஆண்டு கழித்து, 1647இல், இலண்டனில் வில்லியம் லில்லி என்ற சோதிடர் தம் பெரிய நூலில் கிரகங்களுக்குப் புள்ளி போடுகிறார். நேர்கதிக்குக் கூட்டல் 4, வக்கிரத்துக்குக் கழித்தல் 5. நான் ஆசிரியனாக இருந்ததால் இந்தப் புள்ளிப் பட்டியல் மேல் தனி அன்பு உண்டு. சூரியனோடு மிக நெருங்கி எரிந்துபோகும் கிரகத்துக்கும் கழித்தல் 5தான். ஆனால் அதே நெருக்கம் 17 கலைக்குள் (ஒரு பாகைக்கு 60 கலை) வந்துவிட்டால் அது சூரியனின் இதயத்தில் இருக்கிறது என்று கூட்டல் 5.

லில்லியின் தொழில் பெரும்பாலும் பிரசன்னம் போன்றது. கேள்வி கேட்ட கணத்துக்குச் சக்கரம் போட்டுப் பதில் சொல்வது. இந்தப் பிரிவில் வக்கிரத்துக்கு மிகத் தெளிவான, எனக்கு மிகவும் நேர்மையாகத் தோன்றும் ஒரு பொருள் உண்டு. திரும்பி வருதல். தொலைந்த மோதிரம் கிடைக்குமா என்று கேட்கும்போது மோதிரத்தைக் குறிக்கும் கிரகம் வக்கிரமாக இருந்தால், அது வந்த வழியே திரும்பும். வீட்டை விட்டுப் போனவர் வருவாரா என்று கேட்டாலும் அப்படித்தான். ஆனால் காணி வாங்க ஒத்துக்கொண்டவரைக் குறிக்கும் கிரகம் வக்கிரமானால் அவர் சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குவார். ஒரே நகர்வு, கேள்வியைப் பொறுத்து நல்லதும் கெட்டதுமாகிறது. மேற்கத்திய வக்கிரத்தை ஒரே சொல்லில் அடக்கச் சொன்னால் 'கெடுதல்' என்று சொல்ல மாட்டேன், 'மீளல்' என்றுதான் சொல்வேன்.

இருபதாம் நூற்றாண்டில் அலன் லியோ, டேன் ருட்யார் போன்றவர்கள் சோதிடத்தை விதியிலிருந்து மனத்துக்குத் திருப்பினார்கள். அந்தத் திருப்பத்தில் வக்கிரமும் உள்ளே போனது. பலவீனம் என்ற சொல் மறைந்து, உள்நோக்கிய ஆற்றல் என்ற சொல் வந்தது. வக்கிரப் புதனோடு பிறந்தவர் முட்டாள் அல்லர், பேசுமுன் இரண்டு தடவை யோசிப்பவர். வக்கிர வெள்ளி உடையவர் அன்பில்லாதவர் அல்லர், அதை வெளிக்காட்டத் தயங்குபவர். வக்கிரச் செவ்வாய் கோபத்தை விழுங்கி வைத்திருக்கும், வெடித்தால் தாமதமாக வெடிக்கும். அதன் பிறகு வந்த மூன்றாவது அடுக்குத்தான் உங்கள் மகளின் கைத்தொலைபேசியில் வருவது. கணினி செயலிழக்கும், மின்னஞ்சல் தவறும், விமானம் தாமதிக்கும், பழைய காதலன் செய்தி அனுப்புவான். இது மூன்றிலும் இளையது, மிக மெல்லியதும்கூட. ஆனாலும் வேர் பழையதுதான். புதன் எழுத்து, பேச்சு, வணிகம், பயணம் ஆகியவற்றின் அதிபதி; அதிபதி பின்வாங்கினால் துறை தடுமாறும் என்ற கணக்கு.

வெள்ளிக்கும் இதே கணக்குத்தான். காதல், திருமணம், பணம், அழகு என்பவை அதன் துறை. ஆகவே வெள்ளி வக்கிரத்தில் கல்யாணம் வேண்டாம், நகை வாங்க வேண்டாம், முகத்தில் சத்திரசிகிச்சை வேண்டாம் என்பார்கள். 2025இல் மார்ச் 15 முதல் ஏப்ரல் 7 வரை புதனும் வெள்ளியும் சேர்ந்தே வக்கிரத்தில் இருந்தன. வெள்ளி நேரானது ஏப்ரல் 13 காலை, சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள். கொழும்பு அதற்குக் கட்டுப்பட்டிருந்தால் செட்டியார் தெருவில் நகைக்கடைக்காரர்கள் ஈயோட்டியிருக்க வேண்டும், புறக்கோட்டையில் புடவைக் கடைகளைப் பூட்டியிருக்க வேண்டும். அந்த நாட்களில் நான் மெயின் வீதியில் கால் வைக்க இடமில்லாமல் திரும்பி வந்தேன்.

இந்த வெள்ளி விஷயத்தில் மட்டும் எங்கள் மரபும் மேற்கும் தற்செயலாகக் கைகோத்துக்கொள்கின்றன. பஞ்சாங்கத்தில் சுக்கிர அஸ்தமனம், அதாவது வெள்ளி சூரிய வெளிச்சத்தில் மறைவது, என்று குறித்திருக்கும் நாட்களில் ஐயர்மார் கல்யாண நாள் வைப்பதில்லை. வெள்ளி ஒவ்வொரு தடவை வக்கிரிக்கும்போதும் நடுவில் சூரியனைக் கடந்தே தீரும், ஆகவே அப்போது வரும் அஸ்தமனம் வக்கிரத்துக்குள்ளேயே விழும். அவர்கள் திரும்புவதைப் பார்த்து விலக்கினார்கள், நாம் மறைவதைப் பார்த்து விலக்கினோம். இன்னொரு அழகும் வெள்ளியிடம் உண்டு. எட்டு ஆண்டில் ஐந்து தடவை வக்கிரித்துவிட்டு, இரண்டு மூன்று நாள் முன்பின்னாக அதே திகதிக்குத் திரும்பிவிடும். 2017இலும் மார்ச் தொடக்கத்தில் தொடங்கி ஏப்ரல் நடுவில் முடிந்தது. அந்த ஐந்து புள்ளிகளையும் சக்கரத்தில் இணைத்தால் ஐந்து முனை நட்சத்திரம் வரும். பிள்ளைகளுக்குக் கேத்திரகணிதம் படிப்பிக்க இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை.

செவ்வாய் வக்கிரத்தில் சண்டையைத் தொடங்குபவன் தோற்பான் என்பது மேற்கத்திய வழக்கு. வழக்குப் போடுவதும் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிப்பதும் அதில் அடங்கும். மருத்துவர் குறித்த சத்திரசிகிச்சையை இதற்காகத் தள்ளிப் போடுபவரை நான் கடிந்தே பேசுவேன். எங்கள் நூல்களில் செவ்வாய்க்கே வக்கிரன் என்று ஒரு பழைய பெயர் உண்டு என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். வியாழன் வக்கிரம் நம்பிக்கைகளை மறுபரிசீலனை செய்யும் காலம், சனி வக்கிரம் பழைய கடமைகளும் கடன்களும் கதவைத் தட்டும் காலம் என்பார்கள். ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு இப்படியே போவதால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டியதில்லை என்று மேற்கத்திய சோதிடர்களே ஒத்துக்கொள்வார்கள். யுரேனஸ் 1781இலும் நெப்டியூன் 1846இலும் புளூட்டோ 1930இலும் கண்டுபிடிக்கப்பட்டவை. அவற்றின் வக்கிரத்துக்குப் பண்டைய பொருள் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

பொருளைப் பற்றிப் பேசும்போது சொல்லையும் கவனிக்க வேண்டும். 'ரெட்ரோகிரேட்' என்ற சொல்லின் இலத்தீன் வேர் பின்னோக்கி அடிவைத்தல். 'வக்கிரம்' என்பது வளைவு. வானத்தில் கிரகம் போடும் கண்ணியை வரைந்து பார்த்தால் எங்கள் சொல்லே பொருத்தம். ஆனால் தமிழில் 'வக்கிர புத்தி' என்று வேறொரு நாற்றமும் அந்தச் சொல்லில் ஏறிவிட்டது. குறிப்பில் 'புதன் வக்கிரம்' என்று வாசித்த ஒரு மணமகன் வீட்டார், பெண்ணின் குணத்தில் ஏதோ கோணல் என்று எடுத்துக்கொண்டதை என் சொந்தத்திலேயே பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் இன்று கணக்காளர். அவள் தயாரிக்கும் கணக்கில் ஒரு சதம் பிசகாது.

மேற்கத்திய முறையை அதன் சொந்த விதிப்படி எடுத்துக்கொண்டாலும் உங்கள் மகளுக்குச் சாதகமாகச் சில விஷயங்கள் இருக்கின்றன. பிறக்கும்போதே புதன் வக்கிரமாக இருந்தவர்கள், வானத்தில் புதன் வக்கிரிக்கும்போது தடுமாறுவதில்லை, பழகிய வீட்டுக்கு வந்தது போல இருப்பார்கள் என்பது அந்த வட்டாரத்தில் பரவலான கருத்து. ஐந்து பேரில் ஏறக்குறைய ஒருவர் அப்படிப் பிறந்தவர். அவள் தனியாள் அல்லள்.

அவர்களிடம் இன்னொரு கணக்கு முறையும் உண்டு. பிறந்த பின் வரும் ஒவ்வொரு நாளையும் வாழ்வின் ஓர் ஆண்டாக எடுப்பது. பிறந்து எட்டாம் நாள் புதன் நேராகியிருந்தால், எட்டாம் வயதில் அவள் பேச்சும் படிப்பும் திறந்துகொண்டிருக்கும் என்பார்கள். புதன் வக்கிரம் 24 நாளுக்கு மேல் நீடிப்பதில்லை. ஆகவே எந்த வக்கிரப் புதன்காரருக்கும் 24 வயதுக்குள் இந்தத் திருப்பம் வந்துவிடும். வேலை மாறும் வயதில் இருக்கும் பிள்ளைக்கு அது பெரும்பாலும் கடந்துபோன கதை. இதைச் சொன்னால் அவளுக்கும் ஆவல் வரும். தன் புதன் எந்த வயதில் திரும்பியது, அந்த ஆண்டில் என்ன நடந்தது என்று யோசித்துப் பார்க்கட்டும்.

மகள் பார்க்கும் இணையத் தளங்கள் சொல்லும் இராசியையும் திகதியையும் அப்படியே எடுக்கக் கூடாது. மேற்கத்தியர் பயன்படுத்துவது சாயன முறை. மேடம் வசந்த சமஇரவு நாளில் தொடங்கும். நட்சத்திரங்களை வைத்து நாம் கணக்கிடும் நிராயன முறைக்கும் அதற்கும் இப்போது ஏறக்குறைய 24 பாகை வித்தியாசம். வக்கிரம் தொடங்கும் கணம் இரண்டிலும் ஒன்றுதான், ஏனென்றால் அது வானத்து நிகழ்ச்சி. இராசிதான் மாறும். 2024 டிசம்பரில் வக்கிரித்த செவ்வாய் மேற்கத்தியருக்குச் சிம்மத்தில் நின்று கடகத்துக்குத் திரும்பியது. நமக்குக் கடகத்தில் நின்று மிதுனத்துக்குத் திரும்பியது. மகள் 'சிம்மத்தில் வக்கிரம்' என்ற பலனைத் தன் தமிழ்ச் சாதகத்தின் சிம்மத்தில் பொருத்திப் பார்த்தால் எல்லாம் பிசகிவிடும். திகதியும் அப்படித்தான். அந்தச் செவ்வாய் வக்கிரமான நாளை அமெரிக்கத் தளங்கள் டிசம்பர் 6 என்று போட்டன. நியூயோர்க்கில் அப்போது மாலை, கொழும்பில் டிசம்பர் 7 விடியற்காலை ஐந்து மணி.

நிழற்காலம் என்றும் ஒன்றைச் சொல்வார்கள். வக்கிரத்தில் புதன் பின்னோக்கிக் கடக்கும் பத்துப் பதினைந்து பாகையை அது மொத்தம் மூன்று தடவை கடக்கிறது. முதலில் நேராக, பிறகு வக்கிரத்தில், பிறகு மறுபடி நேராக. முன்னும் பின்னும் வரும் இரண்டரை இரண்டரைக் கிழமையளவும் வக்கிரத்தின் நிழல் என்று சேர்த்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் எட்டுக் கிழமையளவு ஆகிறது. 116 நாளில் 56 நாள். வாழ்நாளில் பாதியை ஒப்பந்தம் போடாமல் கழிக்கச் சொல்லும் சாத்திரத்தை யார் பின்பற்ற முடியும்? அனுபவமுள்ள மேற்கத்திய சோதிடர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. கிரகம் நின்று திரும்பும் அந்த ஓரிரு நாளைத்தான் அவர்கள் முக்கியமாக எடுப்பார்கள். நகராமல் ஒரே இடத்தை அழுத்திக்கொண்டிருப்பதால் அதன் வலு அங்கே குவிகிறது என்பது அவர்கள் கணக்கு. மீதிக் கிழமைகளை அவர்கள் விலக்குவதில்லை, வேலையின் தன்மையை மாற்றிக்கொள்வார்கள். புதிதாக எழுதுவதற்குப் பதில் எழுதியதைத் திருத்துவது, விட்டுப்போன ஆவணத்தைத் தேடுவது, பேசாமல் போன நண்பரை மீண்டும் அழைப்பது.

இதெல்லாம் உண்மையில் பலிக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை; ஆனாலும் கணித ஆசிரியன் சொல்லாமல் விட முடியாது. 1985இல் ஷோன் கார்ல்சன் என்ற இயற்பியலாளர் 'நேச்சர்' சஞ்சிகையில் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒருவரின் பிறப்புச் சக்கரத்தைக் கொடுத்து, மூன்று ஆளுமை விவரங்களில் அவருடையது எது என்று சோதிடர்களைக் கேட்டார். மூன்றில் ஒன்றுதான் சரியாக வந்தது. கண்ணை மூடித் தொட்டாலும் அவ்வளவுதான் வரும். புதன் எங்கள் கணினியைத் தொட எந்த வழியும் எனக்குத் தெரியவில்லை. நான் இதைப் படிப்பது மனிதர்கள் வானத்தை எப்படி வாசித்தார்கள் என்பதற்காக.

என் வீட்டுச் சம்பவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் மனைவியின் பெயரைச் சிங்களத்தில் ஒரு விதமாகவும் ஆங்கிலத்தில் இன்னொரு விதமாகவும் பதிந்துவிட்டார்கள். தமிழில் எழுதிக் கொடுத்த பெயர் இரண்டிலும் இல்லை. திருத்த எட்டு மாதம் அலைந்தோம். முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் நான் செய்த வேலை எபெமரிஸைத் திறந்ததுதான். புதன் நேர்கதியில், நாளுக்கு இரண்டு பாகையளவு வேகத்தில், சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மொழியில் படிவம் நிரப்பும் ஊரில் எழுத்துப் பிழைக்குக் கிரகத்தின் உதவி தேவைப்படுவதில்லை.

ஆகவே மகளோடு வாதாட வேண்டாம். அவளுடைய சாத்திரத்தின் மொழியிலேயே பேசுங்கள். வக்கிரப் புதன் கேட்பது மறுவாசிப்பு என்றால் அந்தக் கடிதத்தை இரண்டு பேரும் சேர்ந்து மறுபடி வாசியுங்கள். தகுதிகாண் காலம் எத்தனை மாதம், விலக எத்தனை நாள் முன்னறிவித்தல், சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதிக்கும் கணக்கிடும் தொகை எது, பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா. சந்தேகம் இருந்தால் எழுத்தில் கேட்கட்டும்; பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகும், அது அவள் மனதுக்கும் போதும். புதன் நேராகும் வரை தவணை கேட்கவும் செய்யலாம், கொடுத்தால் நல்லது. கொடுக்காவிட்டால், கடிதத்தின் கடைசிப் பந்தியில் எந்தத் திகதிக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும் என்று போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். அந்தத் திகதி வக்கிரிக்காது.